பினாங்குக் கடற்கரைச் சுற்றுலா: சோற்றில் குறையில்லை, கடலில்தான் குறை

காரைக்குடியில் உள்ள ஒரு பயண முகவர் வழியாகக் கடந்த பிப்ரவரியில் என் மனைவி, மாமியார், 12 வயது மகன் ஆகியோருடன் 5 நாள் பினாங்குக்குப் போய் வந்தேன். ஆளுக்கு 64,000 ரூபாய். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக விமானம், பத்து பெரிங்கி கடற்கரையில் 4 இரவுத் தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு ஆகியவை அதில் அடங்கும். முகவர் கொடுத்த தாளில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது ‘கடற்கரைச் சுற்றுலா’ என்ற தலைப்புதான் என்பதால், அந்தத் தலைப்பை வைத்தே இந்தச் சேவையை அளக்கிறேன்.

சாப்பாட்டில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவிலிருந்து ரசம் முதற்கொண்டு சூடாகவே விடுதிக்கு வந்து சேர்ந்தது. வெளியூர்ச் சோற்றுக்குப் பயந்து ஒரு தூக்கு நிறைய முறுக்கும் சீப்புச் சீடையும் கொண்டுவந்த என் மாமியார், அதைப் பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுபோனார். தண்ணீர்மலையில் நகரத்தார் 1857இல் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கு அவசரமில்லாமல் 2 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அங்குள்ள வெள்ளி ரதம் 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் போனது என்று கேட்டதும், குழுவிலிருந்த ஆச்சிமார் அனைவரும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டார்கள்.

காகித வேலைகளும் ஒழுங்காகவே நடந்தன. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம் என்ற சலுகை 2026 டிசம்பர் இறுதி வரை இருக்கிறது; ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். எங்களுக்கு முகவரே நிரப்பிக் கொடுத்தார். தாமாக நிரப்புவோர், மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை என்பதையும், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

சொல்லாமல் விட்ட சிறு செலவுகளும் உண்டு. வெளிநாட்டவர் தங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி விடுதியில் கட்ட வேண்டியிருந்தது. ‘அனைத்தும் அடக்கம்’ என்ற வரியை நம்பி வந்தவர்கள் வரவேற்பு மேசையில் கைப்பையைத் துழாவ வேண்டியதாயிற்று. அங்குள்ள மின்செருகிகள் இங்கிலாந்து முறையிலான தட்டையான மூன்று முள் கொண்டவை. நம் சார்ஜர் நேரடியாகச் சேராது. அதற்கான மாற்றுச் செருகி நம் ஊரில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் என்பதால் இங்கேயே வாங்கிவிடலாம்.

இனிக் கடலுக்கு வருகிறேன். பூம்புகாரில் கடல் பொங்கியதால்தான் உள்நாட்டுக்கு வந்தோம் என்றும், வீடுகளைத் தரையிலிருந்து இத்தனை உயர்த்திக் கட்டியதற்கு அந்தப் பயமே காரணம் என்றும் செவிவழிக் கதை சொல்லும் ஊர்கள் எங்களுடையவை. நீச்சல் தெரிந்தவர்கள்கூடக் கண்மாயிலும் ஊருணியிலும் கற்றவர்கள். இழுக்கிற தண்ணீரை அறியாதவர்கள். இப்படிப்பட்ட 22 பேரைக் கடலுக்கு அழைத்துப் போகிறவர் முதலில் கடலைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். எங்கள் வழிகாட்டியோ மதியச் சாப்பாடு எப்போது வரும் என்பதை நான்கு முறை அறிவித்தாரே தவிர, அலையைப் பற்றி ஒரு முறையும் பேசவில்லை.

முதல் பிழை நேரம். பகல் 1 மணி முதல் 3 மணி வரை ‘கடற்குளியல்’ என்று தாளில் அச்சடித்திருந்தார்கள். மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. பினாங்கோ அந்த நேரமண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் ஒன்றரை மணியளவில்தான். நிலநடுக்கோட்டுக்கு வெறும் 5 பாகை வடக்கே, நிழலே இல்லாத மணலில், சரியாக உச்சி வெயிலில் எங்களை இறக்கிவிட்டார்கள் என்பது இதன் பொருள். என் மகனின் தோள் இரண்டு நாள் எரிந்தது. அங்கே பொழுது சாய மாலை ஏழரை ஆகிறது. ஐந்தரைக்குப் போனாலே இரண்டு மணி நேரம் வெளிச்சம் மிஞ்சும். மீதி நாட்களில் குழுவை விட்டுப் பிரிந்து நாங்கள் அப்படித்தான் போனோம்.

அடுத்தது, மீனவர்கள் சொறிமுட்டை என்று சொல்லும் ஜெல்லி மீன். பத்து பெரிங்கியின் தண்ணீர் படங்களில் காண்பதுபோல் நீலமாக இராது. மலாக்கா நீரிணையின் வண்டல் கலந்து கலங்கலாகவே இருக்கும். அதனால் காலடியில் வருவது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் குழுவிலிருந்த ஒரு பையனுக்குக் கெண்டைக்காலில் பட்டுக் கோடு கோடாகச் சிவந்துவிட்டது. வழிகாட்டி பாட்டில் தண்ணீரை ஊற்றி மணலால் தேய்க்கச் சொன்னார். இரண்டுமே தவறு, நல்ல தண்ணீரும் தேய்ப்பும் ஒட்டியிருக்கும் கொட்டு முட்களைத் தூண்டி விஷத்தை மேலும் இறக்கும். விடுதியின் உயிர்காப்பாளர் ஓடிவந்து வினிகரை அரை நிமிடத்துக்கு மேல் ஊற்றிய பிறகு, வெறுங்கை படாமல் இழைகளை எடுத்தார். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கடலுக்குப் போகிறவர்கள் பையில் ஒரு சிறு பாட்டில் வினிகர் வைத்துக்கொள்ளலாம். ‘ஒபோர் ஒபோர்’ என்று பலகையில் கண்டால் அது ஜெல்லி மீன் எச்சரிக்கை; ‘பஹாயா’ என்றால் ஆபத்து; ‘டிலாரங் மண்டி’ என்றால் குளிக்கத் தடை. சிவப்புக் கொடி பறந்தால் மொழியே தேவையில்லை.

சேலையோடு கடலில் இறங்குவதைப் பற்றியும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால், முழங்கால் ஆழத்திலேயே எழுந்து நிற்க முடியாது. இரண்டு ஆச்சிமாரைக் கைகொடுத்துத் தூக்கிவிட நேர்ந்தது. ஒரு சுடிதாரைத் தனியாக எடுத்து வைத்தால் போதும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும் என்பதையும் அந்த உயிர்காப்பாளரிடமிருந்துதான் என் மகன் கற்றான்.

பாராசெயில், ஜெட் ஸ்கீ முதலிய நீர் விளையாட்டுகள் தொகையில் சேரவில்லை. கரையில் கேட்கும் விலை முதல் விலைதான், பேசலாம். ஜெட் ஸ்கீயில் ஏறுமுன் அதில் ஏற்கெனவே உள்ள கீறல்களைச் சொந்தக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. முகவர் எடுத்துக் கொடுத்த பயணக் காப்பீட்டின் பொடி எழுத்தைப் படித்தபோது நீர் விளையாட்டு விபத்துகள் விலக்கப்பட்டிருந்தன என்பதால், என் மகனை நான் ஏறவிடவில்லை. அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

போக்குவரத்துக்கு முகவரின் வேனையே நம்பியிருக்கத் தேவையில்லை. ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை 101ஆம் எண் பேருந்து ஓடுகிறது. நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார் என்பதால் சரியான காசு கையில் வேண்டும்.

ஊர் திரும்பியதும் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி முகவரிடம் நேரில் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தவர், கடற்குளியலை மாலைக்கு மாற்றிவிடுவதாகவும், ஆனால் அப்படி மாற்றினால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகுமே என்றும் கவலைப்பட்டார்.