ஒரிஜினல் இல்லாத அடாப்டர்: மூன்று வருட அனுபவம்

சார்ஜர் வயர் கழுத்தருகே பிய்ந்து போனபோது என் லேப்டாப்புக்கு வயது ஐந்து. சர்வீஸ் சென்டரில் ஒரிஜினலுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் வண்டியை நேராகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு விட்டேன். அங்கே மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய 'கம்பேட்டிபிள்' அடாப்டரில்தான் மூன்று வருடமாக வேலை ஓடுகிறது. நடுவில் ஒருமுறை அடாப்டருக்கு ஆபரேஷன் நடந்தது, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

"பழைய சார்ஜரக் கொண்டாந்திருக்கீங்களா சார்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார். மாடல் பெயரைவிட லேபிளில் உள்ள அவுட்புட் வரிதான் அவருக்கு முக்கியம். என்னுடையதில் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். 90 வாட்டைப் போட்டால் போர்டு கருகிவிடும் என்று பயப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. 65 வாட் கேட்கிற மெஷினில் 45 வாட்டை மாட்டிவிட்டு, அடாப்டர் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்பவர்களும் அவர்களேதான்.

பின் உள்ளே போய்விட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. டெல் லேப்டாப்களின் உருண்டைப் பின்னுக்குள் நடுவில் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சிப், தான் எத்தனை வாட் என்பதை அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப்புக்குத் தெரிவிக்கும். பதில் கிடைக்காவிட்டால் லேப்டாப் ஓடும். ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையதும் ஊசி வைத்த ரகம்தான். அதனால் கடையிலேயே ஆன் செய்து, சார்ஜ் சதவீதம் ஏறுவதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

சார்ஜ் ஏற்றுவதில் குறை இல்லை. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சார்ஜரில் போட்டுக்கொண்டு வேலை செய்தால் டச்பேடில் கர்சர் தானாகத் துள்ளும். ஒரு ஃபைலை இழுக்கப் போனால் பக்கத்து ஃபோல்டர் திறந்துகொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் உடனே சாது. மணிக்கட்டு படும் உலோகத் தகட்டில் லேசான சுருக் சுருக். அடிப்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது.

காரணம் இதுதான். இந்த வகை அடாப்டர்களில் ஏசி பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவே, மின் இரைச்சலை அடக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிகக் குறைந்த கரண்ட் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நம் கை வழியாகப் போகப் பார்க்கும். ஒரிஜினலிலும் இது உண்டு, ஆனால் அதில் அந்த இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் ஒழுங்காக இருப்பதால் டச்பேட் குழம்புவதில்லை. என் மேஜை அருகே இருந்தது டூ-பின் பாயின்ட், அதில் கன்வர்ட்டர் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். எர்த் சரியாக உள்ள த்ரீ-பின் பாயின்ட்டுக்கு மாற்றியதும் சுருக் நின்றது. துள்ளல் முக்கால்வாசி போனது. மீதிக்கு ஒரு மவுஸ் வாங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் தாண்டியதும் பின்னை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை. திரையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்'. மூன்று கம்பிகளில் மெல்லியதான ஊசிக் கம்பி வளையும் இடத்தில் அறுந்திருந்தது. தெருமுனை மெக்கானிக் கூட்டைக் கத்தியால் பிளந்து புது டிசி வயரைப் பற்றவைத்தார். அப்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏசி நுழையும் இடத்தில் ஃபில்டர் காயிலுக்கான படம் போர்டில் அச்சாகியிருக்கிறது. காயிலைத்தான் காணோம், அந்த இடத்தில் இரண்டு துண்டுக் கம்பிகள். விலை எங்கே குறைந்தது என்று புரிந்தது. (நீங்களாகப் பிளக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் 320 வோல்ட் அளவுக்குச் சார்ஜை வைத்திருக்கும்.)

சூடு பற்றி: வீடியோ கால் ஓட, பேட்டரியும் ஏறிக்கொண்டிருந்தால் கையில் பிடிக்கக் கஷ்டமான சூடு. மெத்தை மேல் வைப்பதில்லை, இரவு முழுக்கச் செருகி வைப்பதும் இல்லை. பேட்டரிக்குத் தனியாகக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. சார்ஜ் ஏற்றத்தைக் கட்டுப்படுத்துவது லேப்டாப்புக்குள் இருக்கும் சர்க்யூட், அடாப்டர் இல்லை.

வாங்குவீர்களா என்று கேட்டால், வாரண்டி முடிந்த பழைய லேப்டாப்புக்குத் தாராளமாக. அதிலும் லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்-' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். லேப்டாப் அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். எண்ணைக் கடையில் நின்றபடியே 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம். போலி முத்திரையும் சந்தையில் உண்டு என்பதால் சொல்கிறேன். ஆபீஸில் கொடுத்த லேப்டாப்புக்கு இந்த அடாப்டரை நான் ஒருநாளும் மாட்டியதில்லை.