செப்டிக் டேங்க் லாரி சேவை: வேலை சுத்தம், ரசீதில் குறை

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை. எனக்கு அதுதான் முதல் நிபந்தனை, உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, நீளக் கோலை இறக்கி ஆழம் பார்த்தார் ஓட்டுநர். கருஞ்சேறு ஒட்டியிருந்த உயரத்தைக் காட்டி, “மூணுல ஒரு பங்கு தாண்டிடுச்சு சார், இதுக்கு மேல விட்டா சேறு உறிஞ்சுகுழிக்குப் போய் அடைச்சுக்கும்” என்றார். சரியான பேச்சு. இரண்டு அறைகளையும் காலி செய்தார்கள்; முதல் அறையோடு கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். சுத்திகரிப்பு நிலையத்தில் என்றார்கள், ஆனால் ரசீதில் அந்த விவரமே இல்லை. வழியில் ஏதாவது ஓடையில் கவிழ்த்தாலும் நமக்கு எப்படித் தெரியும்? பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்கள் பெருகப் பெருக, ஊரின் சுகாதாரமே இந்த லாரிகள் எங்கே போய் நிற்கின்றன என்பதில்தான் இருக்கிறது. விடாமல் கேட்ட பிறகு நிலையத்தின் நுழைவுச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அதைக் கேட்காமலே கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தாங்களே நினைவூட்டி வந்தால் இன்னொரு அரை கூட்டுவேன்.