ரெசாசுரின் பொடி: காசநோய் மருந்து தேடுபவர்களுக்கு

எங்கள் லேபில் புது மூலக்கூறுகளைக் காசநோய்க் கிருமி மேல் சோதிக்க மூன்று வருடமாக இந்த நீலச் சாயப் பொடிதான், தயங்காமல் வாங்கலாம். 96 குழி பிளேட்டில் மருந்தைப் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எச்37ஆர்வி என்ற, லேப்களில் வழக்கமாகப் பயன்படும் காசநோய்க் கிருமி வகையைச் சேர்த்து, 37 டிகிரியில் ஏழு நாள் வைத்து, அப்புறம் சாயத்தை விட்டால் மறுநாள் பதில் தயார்: கிருமி பிழைத்த குழி ரோஸ், மருந்து வேலை செய்த குழி அதே நீலம். கிருமி வளர்க்கும் அகார் கூழில் மூன்று நான்கு வாரம் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ரிஃபாம்பிசின் என்ற பழகிய காசநோய் மருந்து போட்ட வரிசை பளிச்சென்று நீலமாக நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசுக்கு நிம்மதி.

ஓரக் குழிகள் காய்ந்துவிடும். ஆரம்பத்தில் இரண்டு பிளேட் அப்படி வீணானது, இப்போது அவற்றில் வெறும் தண்ணீர்தான். சாயத்தை ரொம்ப நேரம் விட்டால் ரோஸும் வெளுத்துப்போகும்.

பெரிய குறை வேறு. பைராசினமைடு அமிலச் சூழலில்தான் வேலை செய்யும், காசநோய்க் கிருமியை வளர்க்கும் வழக்கமான 7எச்9 திரவ மீடியாவில் போட்டால் உதவாத மருந்து போலத் தெரியும்; காசநோய் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்க உதவிய மருந்து அது! இப்படி எத்தனை நல்ல மூலக்கூறுகளைத் தூக்கிப் போட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். பெருகாமல் தூங்கும் கிருமியைக் கொல்லும் மருந்தும் இதில் சிக்காது. அதனால் முடிந்தால் ஆக்சிஜன் குறைந்த சூழலிலும் கிருமியை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜுக்குள்ளும் தனியாகச் சோதியுங்கள்.

சின்ன பாட்டிலே போதும், கரைசலை வெளிச்சம் படாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.