மதுபனி ஓவியத்துக்கு மவுண்டா, நேர்க் கண்ணாடியா, சுருளா?

மதுபனி ஓவியம் ஒன்றை வாங்கிய கையோடு வரும் கேள்வி இது. கண்ணாடியை நேராக மேலே வைத்துச் சட்டம் போடுவதா, நடுவில் ஜன்னல்போல் வெட்டிய தடித்த அட்டையை, அதாவது மவுண்ட் போர்டை, சுற்றிலும் வைத்துப் போடுவதா, மேலும் கீழும் கட்டை கோத்துச் சுருளாகத் தொங்கவிடுவதா? நான் மவுண்ட் போட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனி ஒளிக்க முடியாது.

நேர்க் கண்ணாடிக்குச் செலவு குறைவு, சுவரில் இடமும் மிச்சம். அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை.

இந்த ஓவியம் பிறந்த பீகாரின் மிதிலைப் பகுதியில் இது வீட்டுச் சுவரில் இருந்தது. 1966-67 பஞ்சத்தின்போது, பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் காகிதம் கொடுத்து வரையச் சொன்ன பிறகுதான் பரவலாகக் காகிதத்துக்கு வந்தது. சுவரில், பூவும் மீனுமாக ஓடும் கரைக்கு வெளியே வெறும் மண்பூச்சு இருக்கும். காகிதத்திலோ கரை ஓரத்தை நெருங்கிவிடுகிறது. அங்கேயே மரச்சட்டமும் வந்து நின்றால் கரை எது, சட்டம் எது என்று கண் தடுமாறும். மவுண்ட் அந்த வெற்றுச் சுவரைத் திருப்பிக் கொடுக்கிறது. சுற்றிலும் இரண்டு அங்குலம் போதும்; கீழே மட்டும் அரை அங்குலம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் படம் சரிந்ததுபோல் இருக்கும். பளீர் வெள்ளை வேண்டாம். சாணம் கரைத்துப் பூசிய காகிதம் வெளிர் பழுப்பு. வெள்ளைக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். சந்தன நிறம் ஒத்துப்போகும்.

இருந்தாலும் என்னை முடிவெடுக்க வைத்தது அழகு இல்லை, ஈரம். மரபு நிறங்கள் கோந்தில் குழைத்தவை. நீர் பட்டால் இளகும். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். ஓவியம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் நிறம் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்து வரும். நிறத்தை அப்பி நிரப்பும் பர்னி பாணியில் இந்தப் பயம் அதிகம். மவுண்ட் போர்டின் கனம் சுமார் 1.5 மி.மீ.தான், ஆனால் அந்த இடைவெளியே காப்பு.

அதற்காக எந்த போர்டும் சரி என்று விட்டுவிடக் கூடாது. வெட்டிய ஓரத்தில் வெள்ளையாக ஒரு சாய்வு தெரியும், பாருங்கள். மட்ட ரக போர்டில் அது நாளடைவில் பழுப்பேறும். பழுப்பு அதோடு நிற்காது. போர்டில் உள்ள அமிலம் ஓவியத்திலும் இறங்கி, வெட்டு ஓரத்தின் நெடுக ஒரு கோடு விழும். துடைத்தால் போகாது. ஆசிட்-ஃப்ரீ போர்டுதான் வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள். பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டுக்கு முன்னாலும் அதே ரகத்தில் ஒரு தாள் வையுங்கள். செல்லோ டேப்பைப் பக்கத்திலேயே விடாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடத்தில், மெல்லிய காகிதப் பட்டையைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். காகிதம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் நெளிந்துவிடும்.

சுருளை நான் ஒதுக்கவில்லை. வங்காளத்துப் படச்சுருள்கள் பாடிக்கொண்டே விரித்துக் காட்ட வரையப்பட்டவை. பின்னால் பழைய சேலைத் துணி ஒட்டி, சுருட்டத் தோதாகச் செய்திருப்பார்கள். அவற்றைச் சட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனம் வராது. துணி ஓவியத்துக்கும் சுருள் சரிப்படும் என்றே தோன்றுகிறது; தூசியை எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை. தடித்த நிறம் பூசிய மதுபனிக் காகிதத்தைச் சுருட்ட மட்டும் வேண்டாம், மடிப்பில் நிறம் வெடிக்கும்.

மவுண்ட் வெட்டும் முன் இன்னொன்று. பிடிமானத்துக்காகக் கரையின் மேல் கால் அங்குலம் ஏற்றி வெட்டுவது கடைகளில் வழக்கம். பல கலைஞர்கள் கீழ் மூலையில் கையெழுத்திடுவார்கள். அதுதான் முதலில் மறையும். கரைக்கு வெளியே உள்ள வெற்றுக் காகிதத்தைப் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். வெற்று இடமே இல்லையென்றால் ஜன்னலைப் பெரிதாக வெட்டி, ஓவியம் முழுதும் தெரிய உள்ளே நிறுத்தி, கண்ணாடி தொடாதபடி ஓரங்களில் ஸ்பேசர் எனும் இடைவெளிப் பட்டை வைக்கலாம். வேலை கூடும், கூலியும் கூடும்.