“முதல் 40 நாள் அரிக்கும், அது நஞ்சு இறங்குறது” என்று யாராவது சொன்னால்

ஷாம்புவை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மதுரைக்காரர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். 3,600 ரூபாயும் நெற்றியோரத் தோலும் போன பிறகு எழுதுகிறேன். விற்ற ஆளின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் ஓடுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த மண்டபத்தில் மேசை போட அவருக்கு ஒரு நாள் போதும். அதனால் பெயரைவிட அவர் பேசுகிற பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது வில்லாபுரம் பக்கம். போன ஐப்பசி மழையில் எனக்கு டெங்கு வந்து, எட்டு நாள் படுக்கையில் கிடந்தேன். தை பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. தலை வாரினால் சீப்பில் பந்து பந்தாக, குளித்தால் குளியலறைச் சல்லடை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு. எங்கள் போர் தண்ணி உப்பு, துவைத்துக் காயப்போட்ட துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். முதலில் தண்ணியைச் சந்தேகப்பட்டேன், பிறகு ஷாம்புவை. காய்ச்சலைச் சந்தேகப்படவே இல்லை, அது வந்து போய்த்தான் மூன்று மாதம் ஆகிறதே என்று.

அந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் விற்பனை மேளா போட்டிருந்தார்கள். சேலை, ஊறுகாய், கவரிங் நகை எல்லாம் தாண்டிக் கடைசி மேசையில் வெள்ளை வேட்டி கட்டின ஒரு தம்பி. முப்பது வயது இருக்கும். கையில் பேனா மாதிரி ஒரு கேமரா, அதைத் தலையில் வைத்தால் டேப்லெட்டில் மண்டைத்தோல் பெரிதாகத் தெரியும். என் உச்சந்தலையில் வைத்தார். முடி ஒவ்வொன்றும் பனைமரம் கணக்காக நிற்கிறது, அடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில்.

“பாத்தீங்களாக்கா? இருபது வருசமா நீங்க போட்ட கெமிக்கல் பூரா இங்கதான் உக்காந்துருக்கு.”

அந்த இடத்திலேயே என் வீட்டுக்காரர் தலையிலும் அதை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பிறந்ததிலிருந்து தலைக்குக் குளியல் சோப்புதான். செத்த தோலும் எண்ணெயும் யார் தலையில் இல்லாமல் இருக்கும்? அன்றைக்கு அது தோன்றவில்லை. பயம் வந்த பிறகு கேள்வி வருவதில்லை.

ஷாம்பு என்பதே வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டிய சதி என்றும் சொன்னார். (வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பிடித்துவிடு, அமுக்கு என்று பொருள்படும் ‘சாம்போ’ என்ற இந்திச் சொல்தான் இங்கிருந்து இங்கிலாந்து போய் ஷாம்பு ஆகித் திரும்பியிருக்கிறது. அதைச் சாஷேயில் அடைத்து ஊர் ஊராக விற்கிற வித்தையைத் தொடங்கி வைத்தது கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். சதி என்றால் அதில் நமக்கும் பங்கு உண்டு.)

‘90 நாள் பேக்கேஜ்’ 3,600 ரூபாய். 200 கிராம் தலைக்குளியல் பொடி இரண்டு டப்பா, ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு துண்டுச்சீட்டு. பில் கேட்டதற்கு, “மேளாவுல பில் கிடையாதுக்கா, ஜிபே ஹிஸ்டரியே பில்தான்.” பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஏதோ ஒரு பெண் பெயருக்கு.

எல்லா வித்தையும் அந்தத் துண்டுச்சீட்டில்தான் இருந்தது. முதல் 40 நாள் ‘நஞ்சிறக்கும் காலம்’. அந்த நாட்களில் அரிப்பு வரலாம், தோல் உரியலாம், முடி இன்னும் கொட்டலாம், சீப்பில் வெள்ளையாகப் பிசுக்கு ஒட்டலாம். இதெல்லாம் வந்தால் பொடி வேலை செய்கிறது என்று அர்த்தம். பாதியில் நிறுத்தினால் நாங்கள் பொறுப்பல்ல. என்னென்ன கெடுதல் வருமோ அத்தனையையும் முன்கூட்டியே எழுதி, அதற்கு நல்ல பெயரும் வைத்துவிட்டார். அப்புறம் நான் எதைச் சொல்லிப் புகார் பண்ணுவது?

முதல் குளியலில் நுரை பொங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். சீயக்காய் என்றால் நுரையே வராது, கண் எரியும், தூள் முடியிடுக்கில் நிற்கும் என்றுதான் சின்ன வயது ஞாபகம். இதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த அயித்தை எட்டிப் பார்த்து, “என்னத்தா, சோப்புத்தூளு மாதிரி நுரைக்குது?” என்றார். அவருக்கு உசிலம்பட்டி. அந்த ஊருக்குப் பேர் கொடுத்த உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடியில்தான் அவர் தலை வளர்ந்தது. நாம் அரப்பு என்கிறோமே, அதுதான். ‘பழசு பேசுறாங்க’ என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு ஒரு காரணமும் உண்டு: கல்யாணம் காட்சி என்றால் அயித்தையே பெட்டிக்கடை சாஷே வாங்கித்தான் தலை முழுகுவார்.

மூன்றாவது வாரம் பிடரியில் அரிப்பு. அப்புறம் காதோரம், நெற்றியோரம். சீப்புப் பல் இடுக்கில் மெழுகு மாதிரி வெள்ளைப் பிசுக்கு, ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அஞ்சு நிமிடத்தில் வாய்ஸ் வந்தது: “சூப்பர்க்கா! அந்த வெள்ளை பூரா பழைய ஷாம்புவோட சிலிக்கான். நஞ்சு நல்லா இறங்குது. வாரம் ரெண்டு தடவைங்கிறத மூணாக்குங்க.”

மூணாக்கினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பிஎஸ்சி படித்தவள் நான்.

34-ஆவது நாள் காலையில் எழுந்தால் தலையணை உறையில் மஞ்சளாகத் திட்டு. நெற்றியோரம் சிவந்து நீர் கசிந்திருந்தது, ஒரு கண்ணிமை வீங்கி பாதி மூடிக்கிடந்தது. என் மகள்தான் பயந்துபோய், “அம்மா, இது நஞ்சு எறங்குறதில்ல, ஏறுறது” என்றாள்.

தோல் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “இதுல என்ன இருக்குன்னு எங்க போட்ருக்கான்?” எங்கேயும் போடவில்லை. முன்பக்கம் ஒரு முனிவர் படம், ‘100% மூலிகை’. பின்பக்கம் இரண்டு செல் நம்பர். அவ்வளவுதான். பட்ட பொருள் ஒத்துக்கொள்ளாமல் வந்த தோல் அழற்சி இது, மண்டைத்தோல் வழியாக நஞ்சு இறங்குவது என்று ஒன்று கிடையாது என்றார். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் எனக்குச் சுருக்கென்றது: “முடி கொட்டுறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?”

டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை எதுவானாலும் உடம்பு ஒரு ஆட்டம் கண்டால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுமாம். போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாக விழும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். எல்லாருக்கும் தினம் 50 முதல் 100 முடி உதிர்வது வழக்கம்தான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கொட்ட ஆரம்பித்த பிறகு ஒருவர் 90 நாள் பேக்கேஜ் வாங்குகிறார். 90 நாள் முடியும்போது கொட்டுவது எப்படியும் குறைந்திருக்கும். தோல் மட்டும் தாங்கியிருந்தால் நானே அந்தத் தம்பிக்கு வீடியோவில் சாட்சி சொல்லியிருப்பேன்.

அந்தச் சீப்புப் பிசுக்கு என்ன என்றும் கேட்டேன். “போர் தண்ணியில சோப்புப் போட்டா நுரை வராம வெள்ளையா திரியுதுல்ல, அதுதான்மா” என்றார். உப்புத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் அப்படித் திரியும். அப்படியென்றால் மூலிகைப் பொடிக்குள் சோப்பு எப்படி வந்தது?

களிம்பும் மாத்திரையும் எடுத்து அடங்கிய பிறகு, கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சரக்காகவே வாங்கினேன். ஒரு கிலோ சீயக்காய், கால் கிலோ பூவந்திக்கொட்டை, கால் கிலோ வெந்தயம், கால் கிலோ பச்சைப்பயறு. மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்து, பூவந்தியில் உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையைத் தட்டி எடுத்துவிட்டு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில் அண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாவு அரைக்க வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் அதைக் கொட்டினார். வாசலில் நின்ற எனக்கே ஏழெட்டுத் தும்மல்.

சும்மா அந்த டப்பாவையும் எடுத்துப் போயிருந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக இழுத்தார்.

“யக்கா, முப்பது வருசமா சீயக்கா அரைக்கிறேன். இத்த இழுத்தா நான் இந்நேரம் கவுந்துருக்கணும். மல்லியப்பூ செண்டுல்ல அடிக்குது.”

இதை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. நுரையை வைத்தும் முடியாது. பூவந்தி சேர்த்தால் நல்ல சீயக்காயும் ஓரளவு நுரைக்கும், இரண்டிலும் இயற்கையாகவே இருக்கும் சபோனின் என்கிற நுரைக்கும் சத்து அப்படி. வழி சொன்னது என் மகள். ஏழாவது படிக்கிறாள். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்தால், சோடா, சுண்ணாம்பு மாதிரிப் பொருளில் இருக்கும் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தார்களாம்.

மூன்று டம்ளரில் கேன் தண்ணி. ஒன்றில் நான் அரைத்த பொடி, ஒன்றில் பேக்கேஜ் பொடி, ஒன்றில் அயித்தையின் சாஷே. மஞ்சள் தாளைக் கிழித்து ஒவ்வொன்றிலும் முக்கினாள். என் பொடியில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, சீயக்காய்த் தண்ணி லேசான புளிப்புப் பக்கம்தான். பேக்கேஜ் டம்ளரில் முக்கிய தாள் வெளியே எடுப்பதற்குள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. “ஐ, ஆலாத்தி!” என்றாள். அதேதான். மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆலாத்தி சிவக்கிறதே, அதே சங்கதி. உள்ளே இருப்பது சலவைச் சோடாவா சோப்புத்தூளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் காரம் இருக்கிறது. வெறும் சீயக்காயும் மூலிகையும் அப்படிச் சிவக்க வைக்காது. வெள்ளைத்துணியில் வடிகட்டிப் பார்த்தபோது என் பொடியில் கை நிறையத் திப்பி நின்றது, பேக்கேஜ் பொடியில் ஒரு ஸ்பூன்கூட இல்லை, பாதிக்கு மேல் தண்ணியோடு கரைந்து போயிருந்தது.

சாஷே டம்ளரில் முக்கிய தாள்? மஞ்சள். அதாவது இருபது வருடமாக நான் போட்டது இவ்வளவு காரம்கூட இல்லை. விஷம் என்று பயந்து கைவிட்டதைவிடக் கடுமையான ஒன்றை, பல மடங்கு விலை கொடுத்து வாரம் மூன்று முறை தேய்த்திருக்கிறேன்.

போன் பண்ணினேன். முதலில் “எண்ணெய் வைக்காம போட்ருப்பீங்கக்கா.” வைத்தேன் என்றதும் “உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல.” மஞ்சள் தாள் போட்டோவை அனுப்பியதும் ‘அக்கா’ போய் ‘மேடம்’ ஆனது, “கேஸ் போடுறதுன்னா போட்டுக்கங்க மேடம்.” அன்று ராத்திரியே பிளாக். புதூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டு முகவரியை வாயால் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தோம், அங்கே டியூஷன் நடக்கிறது.

நான் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியது லேபிளைத்தான். தலைக்குத் தேய்ப்பது என்றாலும் சட்டப்படி அது அழகுசாதனப் பொருள். விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் வேண்டும். தயாரித்தவர் பெயர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்த்திருக்கிறது, இவ்வளவும் டப்பாவில் இருக்க வேண்டும். முனிவர் படம் இதற்கெல்லாம் ஈடு ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், எண் கொடுத்திருக்கிறார்கள். தேறவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இப்படி மாட்டிக்கொண்ட யாரும் கோபத்தில் வாட்ஸப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

அதே மேசையில் ‘அரை மணி நேரத்தில் கருகரு மருதாணி’யும் இருந்தது. நல்ல வேளை, கையில் காசு இல்லை. மருதாணி மட்டும் சிவக்கும், அவுரி சேர்த்தால்தான் கறுப்புக்கு வரும். ஒரே பூச்சில் அரை மணியில் கருகரு என்றால் பெரும்பாலும் பிபிடி என்கிற சாயம் சேர்ந்திருக்கும், பலருக்கு முகமே வீங்கவைக்கிற சரக்கு என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

இப்போது வாரம் ஒரு தடவை, வடித்த கஞ்சியில் அரைத்த பொடியைக் கலந்து தேய்க்கிறேன். கடைசி அலசலுக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணி. கண் எரியத்தான் செய்கிறது, தூள் நிற்கத்தான் செய்கிறது, அவசரமாக வெளியே போகிற நாளில் சாஷேதான். சரக்கு, அரைக்கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய்கூட ஆகவில்லை. கொட்டுவது சித்திரை கடைசியில் குறைந்துவிட்டது. அதற்கு என் சீயக்காய்க்கும் பெயர் கொடுக்க மாட்டேன், ஆறு மாதக் கணக்கு சரியாக வருகிறது.

இரண்டாவது டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அயித்தை அதை எடுத்துக்கொண்டு வந்து, குத்துவிளக்கு துலக்கவாவது ஆகும், கொடு ஆத்தா என்றார். வேணாம் அயித்தை, டப்பா சீல் உடையக் கூடாது, அது சாட்சி என்று வாங்கி வைத்துவிட்டேன்.