ஃபியட் புன்டோ 90 எச்பி: எட்டு ஆண்டுகளும் ஓர் இடது ஹெட்லைட்டும்

நண்பரின் தம்பி ஒருவர், ஓட்டுவதற்குச் சுகமான பழைய கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, "அண்ணாச்சி, உங்க புன்டோ மாதிரி ஒண்ணு கெடச்சா எடுக்கலாமா?" என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நாள் சரியில்லை. 47 நாள்களாக வராத இடது ஹெட்லைட் வந்து, அதை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் வீடு திரும்பிய மாலை அது. அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2012-ஆம் ஆண்டு வண்டி. 2017 இறுதியில் இரண்டாம் கையாக வாங்கினேன். எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1,248 சிசி மல்டிஜெட் என்ற இந்த டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா என்று ஒரு காலத்தில் ஊரில் ஓடிய டீசல் கார்களில் பாதிக்குள் இருந்த அதே எஞ்சின்தான். ஆகவே, ஃபியட் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டதே என்று யாராவது வருத்தம் விசாரிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். எஞ்சின் சம்பந்தப்பட்ட சாமான் எதற்கும் எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையைத் தாண்டி நான் போனதில்லை.

இந்த வண்டியை நான் எதற்காக வைத்திருக்கிறேன் என்பது ஆடிக்காற்றில் வள்ளியூர், பணகுடி வழியாக நாகர்கோவில் போய் வந்தவர்களுக்குத்தான் புரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, காவல்கிணறு பக்கம் நான்கு வழிச்சாலையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. திருநெல்வேலி நோக்கித் திரும்பும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். ஒரு லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று திடீரென்று நின்றுபோகும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் மறுபடியும் வந்து விழுந்து வண்டியைச் சாலை நடுத்தடுப்பின் பக்கமாகத் தள்ளும். எடை குறைந்த கார்களில் அந்த இடத்தில் என் மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொள்வது வழக்கம். புன்டோவில் அவர் தூக்கம் கலைவதில்லை. 1,100 கிலோவுக்கும் மேலான எடை ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஸ்டீயரிங். இது பழைய ஹைட்ராலிக் ஏற்பாடு. பம்ப்பை எஞ்சின்தான் சுற்றுகிறது, ஆகவே எஞ்சினின் சக்தியில் கொஞ்சத்தை எப்போதும் தின்றுகொண்டே இருக்கும், சந்துகளில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது தோளும் வலிக்கும். அந்த விலையைக் கொடுத்தால் கிடைப்பது என்னவென்றால், காற்று எந்த அளவுக்குத் தள்ளுகிறது, டயர் எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்பது உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. தள்ளிய பிறகு திருத்துவதில்லை. தள்ளும்போதே கை தானாகத் திருத்திவிடுகிறது. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவை மின்சார ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றில் விரலால் சுற்றலாம், வசதிதான், ஆனால் சாலை என்ன சொல்கிறது என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ காரைக் கொண்டாடுகிறவர்கள் ஒருமுறை இதில் உட்கார்ந்து காவல்கிணறு வரை போய் வந்திருக்கலாம். எல்லோரும் பார்க்காமலே விட்டுவிட்டார்கள்.

குணக்கேடு இல்லாமல் இல்லை. 90 எச்பி வகையில் இருக்கும் டர்போ, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று வரும்வரை தூங்கும், அதன் பிறகு 209 நியூட்டன் மீட்டர் இழுவிசையையும் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டும். நான்கு வழிச்சாலையில் இது குழந்தைத்தனமான மகிழ்ச்சி. பாபநாசத்துக்கு மேலே காரையாறு செல்லும் மலைச்சாலையில், முன்னால் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தால், இரண்டாவது கியரா முதல் கியரா என்று கால் தடுமாறிக்கொண்டே இருக்கும். மலையிலும் ஊருக்குள்ளும் மட்டுமே ஓட்டுகிறவர் 75 எச்பி வகையை எடுப்பது நல்லது.

இனி ஹெட்லைட். சேரன்மாதேவி சாலையில் மாலை வேளையில் கரையேறி வந்த எருமை ஒன்று, நின்றுகொண்டிருந்த வண்டியின் இடது கண்ணைக் கொம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. வெளியூர் உதிரிபாகக் கடை ஒன்று முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பத்து நாளில் வரும் என்றது. இருபதாம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே வலது ஹெட்லைட். திருப்பி அனுப்பியபோது, 2014-இல் வந்த புன்டோ ஈவோவா பழைய புன்டோவா என்று கேட்டார்கள். முகப்பே வேறு வேறு என்பதைப் புகைப்படத்துடன் முதல் நாளே அனுப்பியிருந்தேன். நாற்பத்தேழாம் நாள் சரியான விளக்கு வந்தது, அதை வண்டியில் மாட்டும் பிளாஸ்டிக் காதுகளில் ஒன்று உடைந்த நிலையில். என் மெக்கானிக் பழைய விளக்கிலிருந்து ஒரு காதை வெட்டியெடுத்து ஒட்டினார். அதுவரை நான் இருட்டுவதற்குள் வீடு சேரும் மனிதனாக இருந்தேன்; இரண்டு கல்யாண வரவேற்புகளுக்குப் போகவில்லை, அதில் ஒன்று சொந்தத் தாய்மாமன் வீட்டுக் கல்யாணம், அவர்கள் இன்னும் பேசவில்லை.

நியாயமாகச் சொன்னால், விற்பனையை 2019-இல் நிறுத்திய ஒரு வண்டியின் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் எந்தக் கடைக்காரர் சரக்கு வாங்கி அடுக்கி வைப்பார்? எஞ்சின் உறுப்புகள் தெருத்தெருவாகக் கிடைக்கும். முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஊர் ஊராக அலைய வேண்டும். இது வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

ஆகவே தம்பி, வாங்க வேண்டாம். 2012 வண்டி என்றால் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 2027 வரைதான். அதன் பிறகு எஃப்சி எனும் தகுதிச் சான்று, மறுபதிவு என்று ஒரு செலவு காத்திருக்கிறது. அதே எஞ்சின் போட்ட பழைய ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், கண் உடைந்தால் மறுநாள் கண் கிடைக்கும். என் பேச்சைக் கேட்காமல் புன்டோவையே எடுப்பதென்றால், ஆடி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். ஒருநாள் இரண்டு வண்டியுமாகக் காவல்கிணறு வரை போய்விட்டு வருவோம். என் வீட்டுப் பரணில் இருக்கும் அந்த உடைந்த இடது விளக்கை மட்டும் கேட்காதீர்கள். அதில் இன்னும் இரண்டு காது மிச்சமிருக்கிறது.