ஐபிஎஃப்எஸ் மேல் பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரி: குபோவும் வெர்டாச்சியோவும் எப்படி இருக்கின்றன?

ஐபிஎஃப்எஸ் என்பது மையச் சர்வர் இல்லாமல் கணினிகள் நேரடியாகக் கோப்பு பகிரும் பியர்-டு-பியர் வலை; குபோ அதை ஓட்டும் மென்பொருள். என்பிஎம் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை (மறுபயன்பாட்டுக் குறியீட்டுத் தொகுப்புகளை) நிறுவும் கருவி; வெர்டாச்சியோ அதற்கு நாமே நடத்தும் ரெஜிஸ்ட்ரி சர்வர். வெர்டாச்சியோவை முன்னால் நிறுத்தி, குபோவைப் பின்னால் ஓடவிட்டு, என்பிஎம் பேக்கேஜ்களை ஐபிஎஃப்எஸ் வழியாகப் பரிமாறும் அமைப்பைத்தான் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கோப்புகளைக் கொண்டு சேர்ப்பதில் இந்தக் கூட்டணி அருமை, பெயர்களைக் காப்பாற்றுவதில் சுமார். ரெஜிஸ்ட்ரி என்பதே பெரும்பாலும் பெயர்ப் பதிவேடுதான். "இந்தப் பேக்கேஜின் கடைசிப் பதிப்பு எது?" என்ற கேள்விக்கு நம்பகமான பதில் வேண்டும். அந்தப் பதிலை எந்தப் பியர்-டு-பியர் வலையும் தானாகத் தராது.

கோப்பு வேறு, பெயர் வேறு என்று பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற சின்ன என்பிஎம் பேக்கேஜை வைத்து நடந்த விவகாரமே சாட்சி. வெறும் 11 வரிக் குறியீடு; எழுதியவர் அதை நீக்கியதும் அதை நம்பியிருந்த ஏராளமான பில்டுகள் (மென்பொருளைக் கட்டியெடுக்கும் ஓட்டங்கள்) உடைந்தன. உள்ளடக்கத்தின் ஹாஷே (அதிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணே) முகவரியாக இருந்திருந்தால், ஏதோ ஒரு கணினியில் பிரதி இருந்தாலே போதும், பில்டு ஓடியிருக்கும். இந்த வசதிக்காகவே இவ்வளவு மெனக்கெடலாம்.

நிறுவுவது எளிது. வாடகை சர்வரில் போடுவதானால் குபோவை 'சர்வர்' ப்ரொஃபைலோடு தொடங்குங்கள். இல்லாவிட்டால் அது உள்வலை முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். சர்வர் தருபவர் அதைப் போர்ட் ஸ்கேன் என்று எடுத்துக்கொள்வார். நோடுகள் (குபோ ஓடும் கணினிகள்) தங்களுக்குள் பேசும் 4001 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டிலும் திறந்துவிடுங்கள். 5001 நிர்வாக ஏபிஐ; அதை ஒருபோதும் வெளியே காட்டாதீர்கள், கையில் கிடைத்தவர் உங்கள் நோடையே எடுத்துக்கொள்ளலாம். 8080 கேட்வே (ஐபிஎஃப்எஸ் கோப்புகளைச் சாதாரண வலை முகவரியில் தரும் வாசல்) உள்ளுக்குள் மட்டும் இருக்கட்டும். வெர்டாச்சியோ 4873-இல் நிற்கும். டெவலப்பர்களின் என்பிஎம் அமைப்பில் ரெஜிஸ்ட்ரி முகவரியை அதற்குத் திருப்பிவிட்டால் போதும்.

முதல் முட்டுக்கட்டை கோப்பு அடுக்கில் வருகிறது. என்பிஎம் ஒரு பேக்கேஜின் பெயரை முகவரியாகக் கேட்டால் ஜேசன் (பதிப்பு விவரங்கள் அடங்கிய உரைக் கோப்பு) வரவேண்டும். அதே பெயருக்குக் கீழேதான் டார்பால்களும் (பேக்கேஜின் சுருக்கிய கோப்புகளும்) இருப்பது வழக்கம். ஐபிஎஃப்எஸில் ஒரே பெயர் கோப்பாகவும் ஃபோல்டராகவும் இருக்க முடியாது. எனவே ஜேசன்களுக்கு ஒரு ஃபோல்டர், டார்பால்களுக்குத் தனி ஃபோல்டர் என்று பிரித்துவிட்டு, ஜேசனுக்குள் இருக்கும் டார்பால் முகவரியை உள் கேட்வேயை நோக்கித் திருத்தி எழுதுங்கள். எல்லா மிரர்களிலும் (பிரதி வைத்திருக்கும் கணினிகளிலும்) கேட்வே அதே 8080-இல் இருந்தால் இது சிக்கலில்லாமல் ஓடும்.

இந்த அமைப்பில் நமக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். என்பிஎம் லாக் கோப்பில் (ஒரு திட்டம் பயன்படுத்தும் பதிப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பில்) பெரும்பாலும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எஸ்ஹெச்ஏ-512 ஹாஷ் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஐபிஎஃப்எஸ் கோப்பை இயல்பாக 256 கேபி துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் மரத்துக்குத்தான் சிஐடி (ஹாஷிலிருந்து உருவாகும் ஐபிஎஃப்எஸ் முகவரி) தருகிறது. அதனால் லாக் கோப்பின் ஹாஷும் சிஐடியும் பொருந்துவதில்லை, இடையில் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டியல் தேவைப்படுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. சேர்க்கும்போது துண்டின் அளவை 1048576 பைட் என்றும், ஹாஷ் முறையை எஸ்ஹெச்ஏ2-512 என்றும், சிஐடி பதிப்பை 1 என்றும் கொடுத்து, 'ரா லீவ்ஸ்' (துண்டை உறை போடாமல் அப்படியே வைக்கும்) விருப்பத்தையும் போடுங்கள். 1 எம்பிக்கு உட்பட்ட டார்பால் முழுவதும் ஒரே பிளாக் (துண்டு) ஆகிவிடும். அப்போது லாக் கோப்பில் இருக்கும் 64 பைட் ஹாஷுக்கு முன்னால் பதினாறடிமான (ஹெக்ஸ்) 01 55 13 40 என்ற நான்கு பைட்டைச் சேர்த்து, பேஸ்-32 எழுத்துமுறைக்கு மாற்றி, 'பி' (b) முன்னெழுத்தைப் போட்டால் அதுவே சிஐடி. பட்டியல் வேண்டாம், பதிவேடு வேண்டாம். லாக் கோப்பு மட்டும் கையில் இருந்தால் வலையிலிருந்து நேராக எடுத்துவிடலாம். 1 எம்பிக்கு மேற்பட்டவை துண்டாகிவிடும், அவற்றுக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இப்படிக் கிடைக்கும் சிஐடி 110 எழுத்து நீளம். டொமைன் பெயரின் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் சிஐடியை டொமைன் பெயரிலேயே வைக்கும் சப்டொமைன் வகை கேட்வேயில் இது வேலை செய்யாது. சிஐடியை டொமைனுக்குப் பின்னால் வைக்கும் பாதை வகை கேட்வேயை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இனி பெயர்ப் பக்கம். புதிய பதிப்பு வெளியானதும் வெர்டாச்சியோவின் 'நோட்டிஃபை' அமைப்பு ஒரு ஸ்கிரிப்டைத் தட்டி எழுப்பும்படி செய்யலாம். அந்த ஸ்கிரிப்ட் டார்பாலைச் சேர்க்கும், ஜேசனைப் புதுப்பிக்கும், புதிய ரூட் சிஐடியை (எல்லாக் கோப்புகளையும் அடக்கிய மேல் ஃபோல்டரின் முகவரியை) ஐபிஎன்எஸில் வெளியிடும். ஐபிஎன்எஸ் என்பது ஒரு சாவிக்குரிய நிலையான பெயரை மாறும் சிஐடியோடு இணைக்கும் ஐபிஎஃப்எஸ் பெயர் முறை. இரண்டு கணினிகள் ஒரே சாவியால் ஒரே நேரத்தில் வெளியிட்டால் வரிசை எண் கூடியது வெல்லும், மற்றவர் வெளியிட்டது காணாமல் போகும். எனவே எழுதுவது ஒரே கணினியாகத்தான் இருக்க வேண்டும். மையம் இல்லாத வலையில் மையம் இப்படித்தான் திரும்பி வருகிறது. இதை மறைத்துப் பேசுவதைவிட ஒப்புக்கொண்டு வடிவமைப்பது மேல். அந்தக் கணினி இயல்பாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும். நீண்ட நேரம் அணைந்து கிடந்தால் பதிவின் ஆயுள் முடிந்து பெயரே வலையில் கிடைக்காது. சாவியை ஏற்றுமதி செய்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

ஐபிஎன்எஸ் தேடல் மெதுவானது என்பது வெர்டாச்சியோவோடு சேரும்போது பெரிய தொல்லையாகிறது. மிரரில் அப்லிங்குக்காக (வெர்டாச்சியோ தன்னிடம் இல்லாததைக் கேட்கும் மூலம்; இங்கே ஐபிஎஃப்எஸ்) காத்திருக்கும் நேரம் இயல்பாக 30 விநாடி. இரண்டு முறை தவறினால் அந்த அப்லிங்கை 5 நிமிடம் செத்ததாகவே கருதிவிடும். விளைவு: இருக்கும் பேக்கேஜுக்கே 'இல்லை' என்ற பதில். காத்திருப்பை 2 நிமிடமாக உயர்த்தி, தவறு வரம்பை 10 ஆக்குங்கள். அல்லது ஐபிஎன்எஸை விட்டுவிட்டு டிஎன்எஸ்லிங்க் (டொமைன் பெயரின் டிஎன்எஸ் பதிவில் சிஐடியை எழுதும் முறை) வைத்துக்கொள்ளுங்கள். டிஎக்ஸ்டி (உரை) பதிவில் ரூட் சிஐடியை எழுதி டிடிஎல்லை (பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 60 விநாடியாக வைத்தால் தேடல் சட்டென்று முடியும். தினசரி பில்டுக்கு நம் பரிந்துரை இதுதான். டொமைன் பதிவாளரை நம்ப வேண்டியிருப்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

மிரர் வைப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் எம்எஃப்எஸ் (ஐபிஎஃப்எஸ் உள்ளடக்கத்தைச் சாதாரண ஃபோல்டர் போலக் காட்டும் குபோ வசதி). அதில் ஒரு சிஐடியை 'காப்பி' செய்தால் கோப்பு வந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் சுட்டி மட்டுமே வந்திருக்கும், பிளாக்குகள் வந்திரா. முழுப் பிரதி வேண்டுமென்றால் ரூட்டைப் 'பின்' செய்ய (முழுவதும் இறக்கி, அழியாமல் வைக்கச் சொல்ல) வேண்டும். அடுத்தடுத்த முறைகளில் 'பின் அப்டேட்' கொடுத்தால் மாறியதை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

பேக்கேஜ் எண்ணிக்கை கூடக்கூட அறிவிப்புச் சுமையும் கூடும். உங்களிடம் இருப்பதை டிஹெச்டியில் (எது யாரிடம் இருக்கிறது என்று நோடுகள் பகிர்ந்து வைக்கும் பட்டியலில்) இயல்பாக 22 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் அறிவிக்க வேண்டும். ஓர் அறிவிப்புக்கு 10 விநாடி என்று வைத்து ஒவ்வொன்றாகச் செய்தால் அந்த நேரத்துக்குள் 7,920 மட்டுமே முடியும். மிச்சம் உங்களிடம் இருந்தும் பிறர் கண்ணுக்குத் தெரியாது. 'ஆக்சிலரேட்டட் டிஹெச்டி' விருப்பத்தைப் போட்டால் இது தீரும், பதிலுக்கு ரேம் நிறையத் தின்னும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் நோடுக்கு வேறு ஒரு வரம்பு உண்டு. ஹோல் பஞ்சிங் (ரவுட்டரைத் தாண்டி நேரடி இணைப்பு போடும் முயற்சி) தோற்றால் வேறொரு நோடு இடையில் நின்று கடத்தும் ரிலே வழிதான் மிஞ்சும்; அது இயல்பாக 2 நிமிடம், 128 கேபி வரைதான் விடும். பெரிய டார்பால் அதில் வராது.

தவறாக வெளியான பேக்கேஜைத் திரும்பப் பெற முடியாது. டோக்கன் (ரகசிய அனுமதிச் சாவி) உள்ளே போய்விட்டதென்றால் அதை உடனே ரத்து செய்யுங்கள், கோப்பை அழிக்கப் பாடுபடாதீர்கள். தீங்கான பேக்கேஜுக்கு டினைலிஸ்ட் (தடைப் பட்டியல்) கோப்பு உண்டு, ஆனால் அதை ஒவ்வொரு நோடும் தனித்தனியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: நீங்கள் எந்தச் சிஐடியைத் தேடுகிறீர்கள் என்பது இணைந்திருக்கும் பியர்களுக்குத் தெரியும். ஓட்டையுள்ள பழைய பதிப்பை யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் பேக்கேஜ்களைப் பொது வலையில் வைக்கவே வைக்காதீர்கள். ஸ்வார்ம் சாவி (அதை வைத்திருக்கும் நோடுகளை மட்டும் இணையவிடும் பொதுச் சாவிக் கோப்பு) போட்ட தனி வலை அமையுங்கள். அதில் க்யுஐசி (யுடிபி வழி இணைப்பு முறை) ஓடாது என்பதால் 4001 டிசிபி எல்லா நோடுகளுக்கும் நடுவே திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.